நாலாவது நட்டு

நீங்க எங்க இறங்குதீங்க அண்ணாச்சி? சங்கரன்கோவிலா. அப்ப சரி, கொஞ்சம் நகந்துக்கோங்க, நான் உக்காருதேன். எதுக்குக் கேட்டேன்னா, எனக்கு முன்னால இறங்குதவங்க பக்கத்துல நான் உக்காருததில்ல. நம்ம கண்ணு அசந்த நேரம் பாத்து நம்ம பையையும் சேத்து எடுத்துட்டு இறங்கிருவான். உங்களச் சொல்லல. உங்களப் பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுது. நல்ல மனுசனாத் தெரியுதவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும், அது வேற விசயம்.

பை மடியிலயே இருக்கட்டும். மேல வேண்டாம்.

பின்னால ஒருத்தரு தோளத் தட்டுதாரு பாருங்க. டிக்கெட்டுக்கு ரூபாய முன்னால கண்டக்டர்ட்ட சேக்கணுமாம், கை மாத்தி விடச் சொல்லுதாரு. ஐயா, நான் வாங்க மாட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. நாளைக்கு மீதி வரலன்னா எவன் கையில காணாமப் போச்சுன்னு பேச்சு வரும், அதுல நான் இருக்கக் கூடாது. நீங்க வாங்கிக் கொடுத்துட்டீங்களா. சரி, உங்க இஷ்டம்.

நான் கரிவலத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாலயே இறங்கிருவேன். ஸ்டாப்பு கிடையாது. ஒரு செங்கல் சூளை இருக்கு, அதுக்கு எதுத்தாப்புல நிப்பாட்டச் சொல்லியிருக்கேன். அங்க என் காரு பஞ்சராகி நிக்கு. என் மக தமயந்தியும் என் வீட்டம்மாவும் நடு ரோட்டுல நிக்காங்க. சாவி என்கிட்ட இருக்கு.

காருச் சாவி இல்ல அண்ணாச்சி. சக்கரத்துச் சாவி.

சிரிக்கீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்தாங்க. சக்கரத்துக்கு நாலு நட்டு இருக்குல்லா. அதுல ஒண்ணக் கழட்டிட்டு, அதுக்குப் பதிலா லாக் நட்டுன்னு ஒண்ணு மாட்டிரணும். அதோட தலை பூ மாதிரி வெட்டியிருக்கும். சாதா ஸ்பேனரு அதுல பிடிக்காது. அதுக்குன்னே ஒரு சாவி, கட்டை விரல் மொத்தத்துக்கு இரும்புத் துண்டு. அத மாட்டி அதுக்கு மேல ஸ்பேனரப் போட்டாத்தான் கழலும். நாலு சக்கரத்துக்கும் போட்டிருக்கேன். எவனும் ராத்திரியோட ராத்திரியா சக்கரத்த உருவிட்டுப் போக முடியாது. ரெண்டு சாவி கொடுத்தான். ஒண்ணக் கொண்டு போயி கண்மாயில வீசிட்டேன். பின்ன? ரெண்டு சாவி இருந்தா ரெண்டு பேருக்குத் தெரியும். இன்னொண்ணு இந்தா, இங்க இருக்கு, அரைஞாண் கயித்துல. குளிக்கையிலயும் இங்கதான், தூங்கையிலயும் இங்கதான். மூணு மாசமா இடுப்புல குத்துது, பழகிட்டுது.

நான் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தவன். இருபத்தெட்டு வருசம். பேரு தெய்வசிகாமணி. ராஜபாளையத்துல வேணும்னா கேட்டுப் பாருங்க, நான் இருந்த வரைக்கும் ஒரு வாஷர் குறைஞ்சதில்ல. வேல பாத்த முந்நூறு பேரும் என்னையத் திட்டினானுவ. திட்டட்டும். எடுக்காதவன் எதுக்குத் திட்டுதான்?

காரு விசயத்துலயும் அப்படித்தான். என் டிக்கியத் திறந்தீங்கன்னா அசந்து போவீங்க. ஜாக்கி இருக்கும். மண்ணுல ஜாக்கி புதையுமேன்னு அதுக்கு அடியில வைக்க ஒரு பலகை. வண்டி உருளாம இருக்க அண்டை கொடுக்க ரெண்டு வேப்பங்கட்டை, நானே அறுத்தது. ஸ்பேனருக்கு நீளம் பத்தலன்னா சொருகி மிதிக்க ஒரு பைப்பு. முட்டிபோட சாக்கு. பின்னால வாரவனுக்குத் தெரியணும்லா, கட்டித் தொங்கவிட செவப்புத் துணி. ஸ்டெப்னிக்கு அமாவாசைக்கு அமாவாசை காத்துப் பாத்துருவேன். ஊருல பாதிப்பேரு ஸ்டெப்னில காத்து இருக்கான்னே தெரியாம மெட்ராசு வரைக்கும் போயிட்டு வாரான். நான் அப்படி இல்ல. ரோட்டுல நின்னுக்கிட்டு, அண்ணே கொஞ்சம் உதவுங்கன்னு இன்னொருத்தன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. உதவ வாரவன் எதுக்கு வாரான்? அவனுக்கு வேற சோலி இல்லையா?

தமயந்திக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன். மதுரையில நர்சா இருக்கா. லீவுல வந்தவள போன வாரம் மூணு நாள் வெயில்ல நிப்பாட்டி, கழட்டு, மாட்டு, கழட்டு, மாட்டுன்னு பழக்கினேன். மூணாவது நாள் பதினோரு நிமிசத்துல முடிச்சிட்டா. கை கன்னிப் போச்சு பாவம், ஆனா முடிச்சிட்டா. லாக் நட்ட மட்டும் அவ வாரதுக்கு முன்னாலயே கழட்டி என் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். மூணுக்குப் பழகும்மா, நாலாவதும் இதே மாதிரிதான்னு சொன்னேன். ஆஸ்பத்திரில ஆயிரம் பேரு வாரான் போறான். ஒரு பேச்சுக்கு எவங்கிட்டயாவது வாய விட்டுட்டான்னா?

சரி, அவுக ரெண்டு பேரும் எதுக்கு ரோட்டுல நிக்காங்கன்னு கேக்கீங்க. கேக்கலியா? கேக்கணும்னு முகத்துல எழுதியிருக்கு.

எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுல ஆல்பர்ட் சாருன்னு ஒரு ஹெட்மாஸ்டர். மூணு மாசத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில, நான் ரேஷன் கடைக்குப் போன நேரம், அவரு வண்டி பஞ்சர். அவுக அம்மாவுக்கு அன்னைக்கு டயாலிசிஸ். ஓடி வந்து ஜாக்கி கேட்டிருக்காரு. என் வீட்டம்மா உலகம்மா டிக்கியத் திறந்து கொடுத்துட்டா. எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்கல. சாயங்காலம் அவரு கொண்டாந்து கொடுத்தாரு. எப்படி? துடைச்சு, கிரீஸ் போட்டு, பளபளன்னு.

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. இரவல் வாங்கினவன் கிரீஸ் போட்டுக் கொடுப்பானா? நான் இருபத்தெட்டு வருசம் ஸ்டோர்ல இருந்தவன். பொருள் வெளிய போனத விட நல்லாத் திரும்பி வந்துச்சுன்னா, அது அந்தப் பொருளே இல்ல. நேரா அவரு வீட்டுக்குப் போயி, சாரே, உங்க ஜாக்கிய ஒரு தடவ காட்டுங்கன்னேன். என்கிட்ட ஜாக்கி இல்லாமத்தான வாங்கினேன் சார்னாரு. அதெப்படி இல்லாம இருக்கும், காட்டுங்கன்னேன். அவரு காருக்குள்ள தேடினேன். தெருவுல ரெண்டு மூணு பேரு நின்னு பாத்தாங்க, நான் இல்லங்கல. அந்த அம்மா ஊசி போட்ட கையோட சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் எங்க வீட்டு ஜாக்கிய எடுத்து அடியில கிரீச வேட்டியால துடைச்சுப் பாத்தேன். நான் ஆணியால கீறி வச்ச தெ.சி.ங்கிற எழுத்து இருந்துச்சு.

இருந்துச்சு, சரி. இல்லாமப் போயிருந்தா?

உலகம்மா எங்க வீட்டுக் கேட்டுப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. மறுநாளே ஜாக்கியச் சங்கிலி போட்டு டிக்கியோட பூட்டினேன். தமயந்தி வண்டி எடுக்கும்போது அந்தச் சாவிய மட்டும் காருச் சாவியோட கோத்துக் கொடுப்பேன், அதுல ஒண்ணும் தப்பு சொல்ல முடியாது. அன்னைக்குத்தான் இந்த லாக் நட்டும் வாங்கிப் போட்டேன். நாலாவது சக்கரத்துக்குப் போட்டு முடிச்சு நிமிருதேன், உலகம்மா கட்டப்பையோட நிக்கா. ரெண்டு சேலை எடுத்து வச்சிருக்கா. "நான் கொடுத்த ஒரு பொருளுக்காக நீங்க தெருவுல நின்னு இன்னொரு வீட்டச் சோதன போட்டுட்டீங்க. இனிமே அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிக்க? சக்கரத்துக்கே பூட்டுப் போட்டாச்சு, எனக்கு என்னைக்குப் போடுவீங்க?"ன்னு கேட்டா. கேட்டுட்டு சங்கரன்கோவில்ல அவ தம்பி கோட்டைச்சாமி வீட்டுக்குப் போயிட்டா. முப்பத்தோரு வருசம் அண்ணாச்சி. ஒரு நாள் முகம் கோணினதில்ல. எல்லாம் அந்தக் கோட்டைச்சாமி ஏத்தி விட்டிருப்பான்.

மூணு மாசம். ஒரு போன் எடுக்கல. ராத்திரில எந்திரிச்சு வாசக் கதவப் பாத்துட்டு, புறவாசலப் பாத்துட்டு, வந்து படுத்தா கட்டில் அவ்வளவு அகலமா இருக்கும். ரசம் வச்சா ரசம் மாதிரியே இருக்காது. ஒரு நா பருப்பத் தாளிச்சுட்டு, உப்புப் பாருன்னு கரண்டிய நீட்டிட்டேன். அப்புறம்தான் தெரியுது ஆளே இல்லன்னு. உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, அழுதுட்டேன்.

தமயந்திதான் நடுவுல பேசினா. அம்மா வாரேங்கா, ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கான்னா. "இந்த மூணு மாசத்துல அவரு ஒரு மனுசனையாவது நம்பினாராம்மா? அத மட்டும் விசாரிச்சுச் சொல்லு, நான் வாரேன்"னாளாம். நான் சொன்னேன், சொல்லிரு, மாறிட்டேன்னு சொல்லிரு. பூட்டு, சாவி, கேள்வி ஒண்ணும் இனிமே கிடையாதுன்னு சொல்லிரு. தமயந்தி என் கையப் பிடிச்சு, "நெசமாவாப்பா? நான் உங்கள நம்பித்தான் அம்மாட்டச் சொல்லப் போறேன்"னா. நெசமாத்தான்னேன். சொன்னேன், சரி. அன்னைக்கு லாக் நட்டு என் ஞாபகத்துக்கே வரல. இடுப்புலயே கிடந்தா எப்படி ஞாபகம் வரும்?

இன்னைக்குக் காலையில காரக் கொண்டு போயி அம்மாவ ஏத்திட்டுக் கிளம்பிட்டா. நான் வீடெல்லாம் கழுவி விட்டேன். உலகம்மாவுக்குப் பிடிக்குமேன்னு வெண்டைக்கா வாங்கி வச்சேன். பத்து மணிக்குப் போன் வருது. அப்பா, டயர் பஞ்சர், பயப்படாதீங்க, மூணு நட்டக் கழட்டிட்டேன், நாலாவதுல ஸ்பேனரு நிக்க மாட்டேங்குது, தலை ஒரு மாதிரி இருக்குப்பாங்கா. விசயத்தச் சொன்னேன். அப்புறம் கேக்கா, "சாவி எங்கப்பா இருக்கு?" இடுப்புலன்னேன்.

பக்கத்துல உலகம்மா என்னமோ சொல்லுதது கேட்டுச்சு. தமயந்தி சொல்லுதா, "அப்பா, நீங்க வர வேண்டாமாம். பதினோரு மணி பஸ்ல கண்டக்டர்ட்டச் சாவியக் கொடுத்து விட்டாப் போதுமாம். அம்மா சொல்லச் சொல்லுதா. கொடுத்து விட்டா மட்டும் போதுமாம்."

பாத்தீங்களா, இவ்வளவு கோவத்துலயும் நான் வெயில்ல அலையக் கூடாதுன்னு நெனைக்கா. பாசம் விட்டுப் போகுமா?

ஆனா கண்டக்டர்ட்டக் கொடுக்க முடியுமா? ஊர்ல எல்லாரும் கொடுக்கத்தான் செய்தாங்க. மருந்து, மாலை, ரேஷன் கார்டு, பிள்ளைக்கு மறந்து போன சோத்து வாளி, எல்லாம் கண்டக்டர்ட்டக் கொடுத்து விட்டு, இன்ன இடத்துல ஆள் நிக்கும்னு சொன்னா அவனும் கொடுத்துட்டுப் போறான். பதினோரு மணி வண்டி பக்கத்துல போயி நின்னேன். நெசமாவே நின்னேன். கயித்து முடிச்சுல கை வச்சுட்டேன். அந்தக் கண்டக்டர் பையன் சிரிச்சுக்கிட்டே, "கொடுங்க பெரியவரே, பாத்துக்கிடுதேன்"னான். எதுக்குச் சிரிச்சான்? யோசிச்சுப் பாத்தேன். அவன் சாவிக்கு அச்சு எடுத்துட்டான்னா? நான் யோசிச்சு முடிக்கதுக்குள்ள வண்டி போயிட்டு. அப்புறம் நானே போயிருவோம்னு வீட்டுக்கு வந்து, பூட்டி, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பாத்து, இந்தப் பன்னெண்டு மணி வண்டியப் பிடிச்சேன். பூட்டின சாவிக் கொத்து இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. அதான் மடியில வச்சிருக்கேன்.

அது கிடக்கட்டும். புது டயரு அண்ணாச்சி. ஆறு மாசம்கூட ஆகல. அது எப்படிப் பஞ்சராகும்? அந்த ரோட்டுல பஞ்சர்க் கடைக்காரன் ஆணி போடுதான்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அப்படித் தோணல. எனக்கு என்ன தோணுதுன்னா, காரு காலையில ஒரு மணி நேரம் கோட்டைச்சாமி வீட்டு வாசல்ல நின்னுருக்கு. அக்கா இருந்தா அவனுக்குச் சமையலுக்கு ஆள். யோசிச்சுப் பாருங்க. அவன் தச்சு வேலை பாக்குதவன். ஆணிக்கா பஞ்சம்?

ஒரு நிமிசம், போன். தமயந்திதான்.

ஆங், சொல்லும்மா. பஸ்லதான் இருக்கேன், பாதி வழி தாண்டியாச்சு... ஆமா, நான்தான் வாரேன்... இல்லம்மா, கொடுத்து விடல. எப்படிக் கொடுக்க? அவன் யாரு எவரு... சத்தமாப் பேசு, கேக்கல... என்னது, லாரிக்காரனா? எத்தன பேரு? உளி வச்சுத் தட்டிக் கழட்டித் தாரேங்கானா? தொடக் கூடாதுன்னு சொல்லிரு. போகச் சொல்லு. நம்பர எழுதி வச்சுக்கோ... அம்மா என்ன செய்தா?... சரி. சரி, வை.

வச்சிட்டா. ஒரு லாரிக்காரன் நிப்பாட்டி, தண்ணி பாட்டிலக் கொடுத்துட்டு, நட்டக் கழட்டித் தரவான்னு கேட்டானாம். இந்தக் காலத்துல எவன் சும்மா தண்ணி கொடுப்பான்? நல்ல வேளை, நான் போன்ல இருந்தேன். நான் வாரேன்னு சொன்னதுக்குத் தமயந்தி "அம்மாட்டச் சொல்லிருதேம்ப்பா"ன்னா, அவ்வளவுதான். குரலு ஒரு மாதிரி இருந்துச்சு. வெயிலு. அம்மா என்ன செய்தான்னு கேட்டேன், பைய எடுத்துக் காருக்கு வெளிய வச்சுட்டு நிக்கான்னா. காருக்குள்ள வெக்கையில சேலை வீணாப் போயிரும்னு எடுத்திருப்பா. எல்லாத்துலயும் பதனமான பொம்பள.

நீங்க எதுக்கு அப்படிப் பாக்கீங்க? நான் போறது தப்புங்கீங்களா? கொடுத்து விட்டிருந்தா இந்நேரம் வீட்டுக்கு வந்து சோறு பொங்கியிருப்பாளா? உங்களுக்கு எப்படித் தெரியும்? அவள உங்களுக்கு முன்னாலயே தெரியுமா? இல்ல, சும்மா கேட்டேன்.

வெயிலப் பாருங்க, ரோடு எப்படிக் காயுதுன்னு. கண்டக்டர் தம்பி, செங்கல் சூளை, ஞாபகம் வச்சுக்கோ. பின் வாசல்ல இறங்கிக்கிடுதேன்.

அந்தாத் தெரியுது அண்ணாச்சி, வெள்ளக் காரு. பின்னால செவப்புத் துணி கட்டியிருக்கா பாருங்க. ஜாக்கிக்கு அடியில பலகை வச்சிருக்கா. கட்டை ரெண்டும் அண்டை கொடுத்திருக்கு. ஸ்டெப்னிய எடுத்துச் சாத்தி வச்சிருக்கா, சாக்கு விரிச்சு மூணு நட்டையும் அதுல வரிசையா வச்சிருக்கா. நான் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம். ஒரே ஒரு நட்டு. அதுக்கு ரெண்டு மணி நேரமா நிக்கா எம்பிள்ள.

உலகம்மா ரோட்டுக்கு வந்துட்டா. மெலிஞ்சு போயிட்டாளே. பச்சச் சேலை, அது நான் எடுத்துக் கொடுத்தது. கைய நீட்டி பஸ்ஸ மறிக்கா பாருங்க. எனக்காக மறிக்கா.

இந்த வண்டி சங்கரன்கோவிலுக்குத்தான போகுது. நீங்ககூட அங்கதான.

பை எதுக்கு அவ கையில இருக்கு?

இருங்க, எந்திரிச்சுக்கிடுதேன். வழி விடுங்க. வண்டி நின்னுட்டு. அவ முன் வாசலுக்குப் போறா. ஏறிட்டா. அண்ணாச்சி, அவ ஏறிட்டா. உலகம்மா, ஏ உலகம்மா, இந்தா இங்க இருக்கேன். திரும்ப மாட்டேங்கா. கேட்டிருக்கு, அவ தோளப் பாத்தாத் தெரியுது, கேட்டிருக்கு. நடுவுல இவ்வளவு கூட்டம், நான் எப்படி முன்னால போக? இருய்யா கண்டக்டரே, இறங்குதேன், கத்தாத. சாவி வேணும்லா கீழ நிக்க பிள்ளைக்கு.

கொடுத்து விட்டா மட்டும் போதும்னா. அதத்தான் சொல்லியிருக்கா. நான் ஒரு மடையன்.

அண்ணாச்சி, இதப் பிடிங்க. வீட்டுச் சாவிக் கொத்து. வாசக் கதவு, புறவாசல், பீரோ, அரிசி டிரம்மு, எல்லாம் இதுலதான் இருக்கு. முன்னால அந்தப் பச்சச் சேலைக்குக் கை மாத்தி விடுங்க. பதினாலு சாவி, ஒவ்வொரு கையிலயும் எண்ணிப் பாத்துக் கொடுக்கச் சொல்லுங்க. இல்ல, வேண்டாம். எண்ண வேண்டாம். சும்மா கொடுங்க. உங்க பேருகூட நான் கேட்டுக்கிடல. யாரு கொடுத்ததுன்னு சொல்ல வேண்டாம், பாத்தாலே அவளுக்குத் தெரியும். முப்பத்தோரு வருசத்துல அந்தக் கொத்து அவ கைக்குப் போனதில்ல.

இறங்கிட்டேன், இறங்கிட்டேன். சன்னல் வழியாச் சொல்லுங்க அண்ணாச்சி, எங்க போகுது? கண்ணாடி போட்டவரு கையிலயா? அவரு எதுக்கு அதத் திருப்பித் திருப்பிப் பாக்காரு? கொடுத்துட்டாரா. அதுக்கடுத்து யாரு, பூக்கூடைக்காரம்மாவா? சரி. அதுக்கு அடுத்து? தெரியலியா? எட்டிப் பாருங்க அண்ணாச்சி. ரெண்டு விசிலு அடிச்சிட்டான். ஏ, இருய்யா. இருய்யா.

போயிட்டான்.

வந்துட்டேம்மா தமயந்தி. இந்தா, சாவியக் கழட்டுதேன், முடிச்சு அவுள மாட்டேங்குது. நீயே அறுத்துக்கோ. அழாத. அம்மா போனா என்ன, நாளைக்கு நான் போயி... அழாதம்மா. நான்தான். எல்லாம் நான்தான்.

ஒரு விசிலு.

நின்னுட்டான். அந்தா, பனமரத்துக்கிட்ட நிக்கான். எதுக்கு நிக்கான்? இங்க ஸ்டாப்பே கிடையாதே. தூசில ஒண்ணும் தெரியல. சாவிச் சத்தம் கேக்கு, உனக்குக் கேக்கா? எவனோ நம்ம சாவிக் கொத்தோட இறங்குதான், பாரும்மா.